நடுவில் ஓர் ஆள்

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கும் டீக்கடைகளில் காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒரு வகை மனிதரைத் தவறாமல் பார்க்கலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வெளியூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மிச்ச நாளை மலையைப் பார்த்துக்கொண்டு கழிக்கலாம் என்று திருவண்ணாமலைக்குக் குடிவந்திருப்பார். முதல் ஆறு மாதம் கோயில், ஆசிரமம், பௌர்ணமிக்கு மலை சுற்றுவது என்று போய்விடும். ஏழாவது மாதம் கேட்பார்: "சும்மா உக்காந்திருக்க முடியலைங்க. ஏதாவது சர்வீஸ் பண்ணலாம்னா இங்க யாரைப் பாக்கணும்?"

போன கார்த்திகை தீபத்துக்குப் பிறகு அப்படிக் கேட்டவர் ஒரு வங்கி மேலாளர். கணக்கில் புலி என்று அவரே சொன்னார். ஏற்கெனவே ஒரு முயற்சி செய்து பார்த்திருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு குழந்தைகள் ஹோமுக்குப் போய், ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்றாராம். உட்காரவைத்து காபி கொடுத்தார்கள், நன்கொடைக்கு ரசீது கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "கணக்கு விஷயம் சொல்றோம் சார்னாங்க. நாலு மாசமாச்சு. பணம் மட்டும்தான் வேணும்போல."

"அப்படி இல்ல சார். உக்காருங்க, இன்னொரு டீ சொல்றேன்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹோமின் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு ஆனால் பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று பிரியாணியும் கேக்குமாக ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஒரே மதியத்தில் இரண்டு கேக் வெட்டிய பிள்ளைகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணிக்கு, இருபடிச் சமன்பாடு புரியாமல் ஒரு பையன் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அங்கே வார்டன் ஒருவர்தான் இருப்பார். அவருக்குச் சமையலறையும் பார்க்க வேண்டும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். கணக்கு வாத்தியார் அவருக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும்.

ஆனால் வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. இளைஞர் நீதிச் சட்டம், 2015 வந்தபின் குழந்தைகள் இல்லம் நடத்துவது முன்போல் இல்லை. பதிவு வேண்டும். குழந்தைகள் நலக் குழு உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு, ஆய்வு உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைப் பிள்ளைகளோடு தினமும் ஒரு மணி நேரம் விட்டு, நாளைக்கு ஒன்று என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வார்டன்தான். அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் இதே கவலை. 2024-ல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்குள் வெளியாள் ஒருவர் வந்து மாணவர்களிடம் பேசிய பேச்சு எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்று பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். "சொல்றோம் சார்" என்ற சொல்லின் அடியில் இருப்பது அலட்சியம் இல்லை, பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆக ஒரு பக்கம் கணக்கு தெரிந்த மனிதர், இன்னொரு பக்கம் கணக்கு வராத பையன். இருவருக்கும் நடுவில் நான்கு கிலோமீட்டர். அதைக் கடக்க ஆட்டோ போதாது. இருவரையும் அறிந்த ஓர் ஆள் வேண்டும்.

நம் ஊரில் கல்யாணத் தரகர் செய்யும் வேலைதான் இது. அவர் பையிலிருக்கும் ஜாதகக் கட்டு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். "அந்த வீட்ல மாமியார் கொஞ்சம் காரம், உங்க பொண்ணுக்கு ஒத்துவராது" என்று அவர் காதோடு சொல்வதற்குத்தான் ஜனங்கள் அவரைத் தேடிப் போகிறார்கள். பிரிட்டனில் பல ஊர்களில் 'வாலண்டியர் சென்டர்' என்று வைத்திருப்பதும் அடிப்படையில் இதுவே. அங்கே போனால் உட்காரவைத்துக் கேட்பார்கள்: வாரத்தில் எந்த நாள் முடியும், என்ன தெரியும், எவ்வளவு தூரம் போக முடியும், பிள்ளைகளோடு பழகுவீர்களா, முதியவர்களோடா, இல்லை மனிதரே வேண்டாம், தோட்டவேலை போதும் என்பீர்களா. மறுபுறம் அந்த ஊரில் உள்ள அமைப்புகளிடமும் கேட்டு வைத்திருப்பார்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை. இரண்டையும் பொருத்தி அனுப்பிவிட்டு, சில வாரம் கழித்து இரு தரப்பையும் போனில் விசாரிப்பார்கள். அந்தப் போனைத்தான் நான் பெரிய விஷயம் என்பேன். விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் சொல்லாமல் விட்டுப் போவார்கள்.

வேடிக்கையான ஓர் ஒற்றுமை. ஊர்தோறும் இப்படிப்பட்ட அலுவலகங்கள் வேண்டும் என்று ஜெரால்டின் ஏவ்ஸ் தலைமையிலான குழு பிரிட்டனில் அறிக்கை கொடுத்தது 1969-ல். அதே 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கியது. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். அவர்கள் நடுவாளைத் தேடினார்கள், நாம் ஆள்பலத்தைத் தேடினோம். நம் என்.எஸ்.எஸ். பிள்ளைகள் வருஷத்துக்கு 120 மணி நேரம் உழைக்கிறார்கள், ஏழு நாள் முகாம் போகிறார்கள். ஆனால் சேவை செய்ய ஆசைப்படும் முப்பது வயது மெக்கானிக்கோ, அறுபது வயது மேலாளரோ போய் நிற்க ஒரு வாசல் என்று எதையும் நாம் கட்டவில்லை.

"நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் சரிப்படுமா?" என்றார் மேலாளர். சரிப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் சுனாமி அதிகம் பேரைக் கொண்டுபோனது நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஆறாயிரத்துக்கும் மேல். அடுத்த சில நாட்களில் நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் லாரிகள் வந்தன. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்தன. வந்த லாரிகளில் நிறையப் பழைய துணி. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? நேற்றுவரை வலை போட்டுச் சம்பாதித்தவர்கள், இன்னொருவர் உடுத்திக் கழித்ததைக் கட்டுவார்களா? சாலையோரம் மலைமலையாகத் துணி கிடந்து நனைந்தது. சாலையை ஒட்டிய கிராமத்துக்கு ஐந்து லாரி போனது. உள்ளே தள்ளியிருந்த குப்பத்துக்கு ஒன்றும் போகவில்லை. கெட்ட மனசு யாருக்கும் இல்லை. எங்கே என்ன தேவை என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரத்தில் இரண்டு அமைப்புகள் ஒரு காரியம் செய்தன. ஒன்று, நாகப்பட்டினத்தில் மீனவப் பெண்களிடையே வேலை செய்துவந்த 'ஸ்நேகா'. இன்னொன்று, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்'. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் திறந்தார்கள். வருகிற அமைப்பு முதலில் அங்கே வர வேண்டும். எதில் கைதேர்ந்தவர்கள் என்று கேட்பார்கள். சுகாதாரம், தற்காலிக வீடு, மனநலம் என்று பிரித்து உட்காரவைப்பார்கள். எந்தக் கிராமத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஊரிலிருந்து தகவல் மேலே வரக் கிராமத் தகவல் மையங்களும் பிறகு வந்தன. ஆட்சியரகத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இடையே வழக்கமாக இருக்கும் முறைப்பு அங்கே தளர்ந்தது. அவசரம் முடிந்தும் அந்த மையம் கலையவில்லை. மறுசீரமைப்புக் காலம் முழுக்க வேலை செய்தது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. ஸ்நேகாவும் சிஃப்ஸும் சுனாமிக்கு மறுநாள் முளைத்தவை இல்லை. எந்தக் குப்பத்தில் யார் நாட்டார் என்னும் ஊர்த் தலைவர், எங்கே எத்தனை படகு என்று வருஷக்கணக்காக அறிந்தவர்கள். நடுவாளாக இருப்பதற்கு முதல் தகுதி ஊர் தெரிவது. கம்ப்யூட்டர் தெரிவது அதற்கப்புறம்தான்.

திருவண்ணாமலைக்கு வருவோம். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வாரம் எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "என்ன அனுப்பட்டும், யாருக்கு அனுப்பட்டும்?" இருபது வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினம் கற்றுக்கொண்ட பாடம் அண்ணாமலைக்கு வந்துசேரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரைகுறையாகத்தான் தெரியும்.

இத்தனைக்கும் இந்த ஊருக்குத் தொண்டு புதிதா? அப்பர் உழவாரத்தைத் தோளில் போட்டு நடந்த பூமி இது. ஞாயிற்றுக்கிழமை கோயிலைச் சுத்தம் செய்ய வரும் உழவாரப் பணிக் குழுக்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். குழுத் தலைவர் ஒரு வாரம் முன்பே போன் செய்து கோயில் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுவார். எந்தப் பிரகாரம், மதில்மேல் செடி எவ்வளவு, தண்ணீர் கிடைக்குமா, விளக்குமாறு எத்தனை என்று கேட்டுக்கொள்வார். கோபுரத்தில் வேர்விட்ட அரசஞ்செடியைத் தெரியாதவன் பிடுங்கினால் கல் பெயர்ந்துவிடும். அதற்கென்று கைப்பழக்கம் உள்ளவரை மட்டும் ஏற்றுவார். காலை வேலை முடிந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விடுவார்கள். குழுத் தலைவர் தன்னை எந்த மையத்தின் தலைவராகவும் நினைத்துக்கொள்வதில்லை. செய்வது நடுவாளின் வேலைதான்.

கார்த்திகை தீபத்து அன்னதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, லட்சக்கணக்கில் ஜனம். ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் அண்டாவை இறக்கலாம். நாலு பேர் ஒரே வளைவில் புளிசாதம் போடுவார்கள். வாங்கியவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த வளைவில் கேசரிக்குக் கை நீட்டுவார். மிச்சம் பாதையில் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு பின்னால் வருகிறவர் வெறுங்காலோடு நடப்பார். இப்போது அன்னதானம் செய்கிறவர்கள் முன்கூட்டியே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும், பாதையில் அடுப்பு மூட்டக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். "சாமிக்குப் பண்றதுக்குக்கூட பர்மிஷனா?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. யார், என்ன, எங்கே, எத்தனை பேருக்கு என்று ஓரிடத்தில் பதிவு இருந்தால்தான் பசிக்கிறவனும் சோறும் ஒரே வளைவில் சந்திக்கும். திருவண்ணாமலையில் தொண்டர் மையம் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. தீபத்தை ஒட்டிச் சில நாள் மட்டும் திறந்திருக்கிறது.

மாநில அளவில் பெரிய உதாரணம் 'இல்லம் தேடிக் கல்வி'. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்து மறந்துபோன நேரத்தில், 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் இணையத்தில் பதிந்தார்கள். தேர்வு வைத்து எடுத்தார்கள். சாயந்திரம் ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய் வாங்கினால் அது தொண்டா என்று டீக்கடைத் தர்க்கம் நிறைய நடந்தது. அது நிலைத்ததற்கு நான் சொல்லும் காரணம் வேறு: சொல்லித் தருகிறவர் அதே தெருவில் இருப்பவர். பஸ் ஏற வேண்டியதில்லை, பிள்ளையின் அம்மாவுக்கு அவரை முன்பே தெரியும். வார்டனின் பயம் அங்கே இல்லை. அரசுப் பள்ளிகளுக்குப் பொருளோ பணமோ உழைப்போ தர நினைப்பவர்களைச் சேர்க்க 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வந்தது. பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்துத் தேர்ந்து கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. இணையதளத்தால் டீ வாங்கிக் கொடுத்து விசாரிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

திருவண்ணாமலையில் இன்னொரு கூட்டம் உண்டு, டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை. வெளிநாட்டிலிருந்து வந்து ஆசிரமத்துப் பக்கம் தங்குகிறவர்கள். நல்ல மனிதர்கள், ஏதாவது செய்யத் துடிப்பவர்கள். மலையில் மரம் வைக்கும் வேலையில் 1980களின் இறுதியிலிருந்தே இவர்கள் கை உண்டு. ஆனால் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தொண்டு அதிகபட்சம் ஒரு மாதம்தான். கிளம்பும்போது அன்பாக ஒரு கவரை நீட்டினால், அது இந்திய ரூபாயாகவே இருந்தாலும் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கான 2010-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத சின்ன ட்ரஸ்ட் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது அந்த ட்ரஸ்ட்தான். கொடுத்தவர் ஊருக்குப் போயிருப்பார். இதை முதல் நாளே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் எத்தனையோ சங்கடம் மிச்சம்.

மேலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, எனக்கு வேற வழி? பார்வையில்லாத பசங்களுக்குப் பரீட்சை எழுதலாம்னு எங்கயோ படிச்சேன்" என்றார்.

நான் எழுதியிருக்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பரீட்சைக் கூடத்தின் ஓரத்தில் தனி அறை. பக்கத்தில் அந்த மாணவர். கேள்வியை ஒருமுறை படிக்க வேண்டும். கேட்டால் மறுபடியும் படிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஆண்டைத் தவறாகச் சொல்கிறார் என்று நமக்குத் தெரியும். பேனா தானாக நிற்கும். நிற்கக் கூடாது. நின்றால் அவருக்குச் சாடை காட்டியதாகிவிடும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணிப் பரீட்சை நான்கு மணி ஆகும். விரல் மரத்துப்போகும். முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்பார்: "அண்ணா, அந்த வருஷம் தப்புதானே? நீங்க ஒரு நொடி மூச்சு விடல."

"என்னால எழுத முடியும்" என்றார் மேலாளர்.

"முடியாது சார். நீங்க எம்.காம்." மாணவர் தானே ஆளைக் கூட்டிவந்தால், அந்த ஆளின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் கீழே இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். பி.ஏ. மாணவருக்குப் பட்டதாரி போய் எழுதினால் கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பலாம். "உங்க வீட்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளை யாராவது இருக்காங்களா?" பேத்தி இருந்தாள். மேலாளருக்கு வேறு வேலை இருந்தது: பாடப்புத்தகத்தை நிறுத்தி நிதானமாக வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பது. அதற்கு எம்.காம். படித்திருப்பது நல்லதுதான்.

எந்த வேலைக்கு யார் என்று இப்படித் தெரிந்து சொல்வதுதான் நடுவாளின் தொழில். இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. தொண்டு இலவசமாக இருக்கலாம், தொண்டரைச் சேர்த்துவைக்கிறவர் இலவசமாக இருக்கக் கூடாது. அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். ஆர்வத்தால் தொடங்கிய வாட்ஸ்அப் குழுக்கள் என்ன ஆகின்றன என்று நமக்குத் தெரியும்: முதல் மாதம் தேவை, இரண்டாம் மாதம் நன்றி, மூன்றாம் மாதம் காலை வணக்கப் படம். போன் எடுக்கிறவருக்கு வேலைமாற்றம் வந்தால் எல்லாம் முடிந்தது. பிரிட்டனிலும் உள்ளாட்சிப் பணம் குறைந்தபோது மூடப்பட்ட மையங்கள் உண்டு. தொண்டர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், சம்பளம்தான் இல்லை. ஆயிரம் பேருக்குச் சோறு போட இந்த ஊரில் நன்கொடை கிடைக்கும். ஒருவருக்குச் சம்பளம் கொடு என்றால் "அதுல என்ன புண்ணியம்?" என்பார்கள். ஒரு பெரிய குழுவின் பௌர்ணமி அன்னதானச் செலவில் அந்தச் சம்பளம் அடங்கிவிடும் என்பது என் கணக்கு.

அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. "யார் வந்தாலும் நல்லதுதான்" என்று சொல்கிற இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை போவதில்லை. செவ்வாய், வியாழன், ஐந்தரை முதல் ஆறரை, ஒன்பதாம் வகுப்பு, ஆறு பிள்ளைகள் என்று எழுதிவைத்தால் ஆள் வரும். வருகிறவருக்கு நாற்காலி, சாக்பீஸ், கூடவே இருக்க ஒரு பணியாளர். இது செலவு. தொண்டர் என்றால் செலவில்லாத ஆள் என்று நினைப்பது அமைப்புகள் செய்யும் பெரிய தப்பு.

மேலாளரை அந்த ஹோமுக்கே மறுபடி அனுப்பினேன், இந்த முறை ஊரில் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையோடு. கையில் ஆதார் நகல், முன்னாள் மேலதிகாரி ஒருவரின் கடிதம், வரக்கூடிய நாளும் நேரமும் எழுதிய ஒரு தாள். கூடவே, பணியாளர் ஒருவர் இருக்கும் கூடத்தில்தான் உட்காருவேன், போட்டோ வேண்டாம் என்று அவரே எழுதிச் சேர்த்திருந்தார். வார்டன் தாளைப் படித்துவிட்டு, அலுவலகத்தில் பேசிச் சொல்ல ஒரு வாரம் கேட்டார். ஆறாம் நாள் போன் வந்தது. முதல் செவ்வாய்க்கிழமை ஆறு பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் தூங்கினார்களாம்.

அவர் பேத்தியின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் செமஸ்டர் பரீட்சை. உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், பக்கத்தில் உள்ள அரசுக் கலைக் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்களுக்கு எழுத ஆள் வேண்டுமா என்று இப்போதே போய்க் கேளுங்கள். தேதி அறிவித்த பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.